எம்.பி.க்கு உச்சவரம்பா, சீட்டு கொடுப்பவருக்கா?

(பள்ளிபாளையத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இத்தனை முறைதான் பதவி வகிக்கலாம் என்று சட்டம் போட வேண்டுமா? இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இரண்டு முறை போதும், அதற்கு மேல் உட்கார்ந்தால் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வார்கள் என்று டீக்கடையில் பேசுகிறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டெல்லிக்கும் அமெரிக்காவுக்கும் போவதற்கு முன்னால் நம்ம தொகுதிக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

தறி ஓடும் நம் பள்ளிபாளையம் இருப்பது நாமக்கல் மாவட்டத்தில். எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போடுவதோ ஆற்றுக்கு அக்கரைப் பேரில். நம் குமாரபாளையம் சட்டமன்றத் தொகுதி ஈரோடு மக்களவைத் தொகுதியில் சேர்ந்தது 2008 மறுசீரமைப்பில். அதற்கு முன்பு திருச்செங்கோடு என்றே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. 1957-லும் 1962-லும் அங்கே ஜெயித்தவர் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். அதற்கு அப்புறம் 1967-ல் பேராசிரியர் க. அன்பழகன். அங்கிருந்து 2004 வரை பதினோரு தேர்தல் நடந்தது, பதினோரு பேர் ஜெயித்தார்கள். ஒருவரைக்கூட இரண்டாம் தடவை அனுப்பவில்லை நம் மக்கள். 1989-ல் கே.சி. பழனிசாமி, 1996-ல் கே.பி. ராமலிங்கம், 1998-ல் எடப்பாடி கே. பழனிசாமி, அடுத்த வருஷமே நடந்த தேர்தலில் மு. கண்ணப்பன், 2004-ல் சுப்புலட்சுமி ஜெகதீசன். ஈரோடு தொகுதி ஆன பிறகு 2009-ல் அ. கணேசமூர்த்தி, 2014-ல் செல்வகுமார சின்னையன், 2019-ல் திரும்பவும் கணேசமூர்த்தி, 2024-ல் கே.இ. பிரகாஷ். 1967 முதல் வந்தவர்களில் கணேசமூர்த்தி ஒருவர்தான் இரண்டு முறை, அதுவும் நடுவில் ஐந்து வருஷ இடைவெளி விட்டு.

ஆகவே உச்சவரம்பு வேண்டுமா என்று நம்மைக் கேட்டால், இங்கே அறுபது வருஷமாகச் சட்டமே இல்லாமல் அது நடந்துகொண்டிருக்கிறது. சட்டமன்றத்தில் இதே மக்கள் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குமாரபாளையத்தில் பி. தங்கமணி 2011, 2016, 2021 என்று மூன்று முறை தொடர்ந்து வந்தார். எம்.எல்.ஏ.வை முகம் பார்த்து வைத்துக்கொள்கிறோம், எம்.பி.யை அலை பார்த்து மாற்றுகிறோம்.

நாடு முழுக்கவும் கதை ஏறக்குறைய இதுதான். 2024-ல் மக்களவைக்கு வந்த 543 பேரில் 280 பேர் புதுமுகங்கள், பாதிக்கு மேல். அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் திரும்ப நின்றால் பத்தில் ஒன்பது தடவை ஜெயித்துவிடுவார். ஜான் டிங்கெல் என்பவர் 1955 முதல் 2015 வரை அங்கே இருந்தார். அவருக்கு முன் அதே இடத்தில் 1933 முதல் அவருடைய அப்பா. அவருக்குப் பின் அவர் மனைவி. அப்படிப்பட்ட நாட்டில் மக்களுக்குச் சலிப்பு வந்து, 23 மாநிலங்கள் தங்கள் நாடாளுமன்ற (அங்கே காங்கிரஸ் என்பார்கள்) உறுப்பினர்களுக்கு வரம்பு கட்டின. அர்கன்சாஸ் மாநில வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில், மாநிலங்களுக்கு அந்த அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டது. அவர்களுடைய நோய் அது. நமக்கு வந்திருப்பது அந்த நோய்தானா?

நம் அரசியலமைப்பில் 84-வது பிரிவு எம்.பி. ஆவதற்குத் தகுதி சொல்கிறது. மக்களவைக்கு 25 வயது, மாநிலங்களவைக்கு 30. மேல்வரம்பு கிடையாது, வயதிலும் இல்லை, தடவையிலும் இல்லை. இந்திரஜித் குப்தா பதினோரு முறை மக்களவைக்கு வந்தார். வாஜ்பாயி பத்து முறை. பி.எம். சயீத் லட்சத்தீவிலிருந்து 1967 தொடங்கிப் பத்துத் தேர்தல் வரிசையாக ஜெயித்தார். ஆனால் இதே நாடாளுமன்றம் மற்றவர்களுக்கு வரம்பு போடுவதில் கை தயங்குவதில்லை. கூட்டுறவு வங்கி இயக்குநர் ஒருவர் எட்டு வருஷத்துக்கு மேல் தொடரக் கூடாது என்று வைத்து, 2025 திருத்தத்தில் அதைப் பத்தாக்கினார்கள். கம்பெனிகளின் சுயேச்சை இயக்குநர் தொடர்ந்து இரண்டு முறை, மொத்தம் பத்து வருஷம்தான் இருக்கலாம் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. கிரிக்கெட் வாரிய நிர்வாகிக்குக்கூட லோதா குழு வரம்பு வகுத்து, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நூல் வாங்கக் கடன் கொடுக்கும் வங்கியின் இயக்குநருக்குப் பத்து வருஷம் என்றால் எம்.பி.க்கு ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வங்கி இயக்குநர் நீண்ட நாள் இருந்தால் கடன் யாருக்குப் போகும் என்பது அவர் கையில் வந்துவிடும். எம்.பி. நீண்ட நாள் இருந்தால் அவர் கையில் எது வந்துவிடும்? அங்கேதான் நான் வேறு பக்கம் திரும்புகிறேன்.

பதவி வரம்பு என்றதும் இந்த மாதிரிக் கூட்டங்களில் யாராவது எழுந்து உத்திரமேரூர்க் கல்வெட்டு என்பார்கள். நானே சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்தார்கள். இப்படித் தேர்ந்த வாரியத்தில், அதாவது ஊர்ச்சபைக் குழுவில், இருக்கும் காலம் 360 நாள். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, படிப்பு எல்லாம் வேண்டும். அது ஒரு பிராமணச் சபை. இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் அநேகமாக ஒருவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. பெண்கள் பேச்சே இல்லை. அதனால் பெருமையை அளந்து பேசுவது நல்லது.

ஆனால் அந்தக் கல்வெட்டில் எனக்கு மூன்றாண்டு விதியைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வரக் கூடாது. அவருடைய உறவினரும் வரக் கூடாது. யார் யார் உறவினர் என்று கல்லில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், மாமனார், மச்சினன், அக்கா தங்கை புருஷன், மருமகன், அப்பன், மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு ஆகிற அளவு நீளும். பதினோரு நூற்றாண்டுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஆளை நிறுத்தினால் மச்சினன் வருவான் என்று.

இது தெரியாமல் சட்டம் போட்ட நாடு பிலிப்பைன்ஸ். மார்கோஸ் விரட்டப்பட்ட பிறகு 1987-ல் எழுதிய அரசியலமைப்பில், பிரதிநிதிகள் சபைக்கு மூன்று ஆண்டுத் தவணையில் தொடர்ந்து மூன்று முறைதான் என்றார்கள். ஒன்பது வருஷம் முடிந்ததும் உறுப்பினர் இறங்கினார், மனைவி ஏறினார். அதன் பின் மகன், அல்லது ஒரு தவணை விட்டு அவரேதான். அரசியல் குடும்பங்களைத் தடை செய்ய வேண்டும் என்றும் அதே அரசியலமைப்பில் ஒரு வாசகம் உண்டு. அதற்கான சட்டத்தை அந்தக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் அவைதானே போட வேண்டும்? அது நடக்கவில்லை. நமக்கும் இது புதிதல்ல. 1961-ல் சென்னை மாநிலத்தில் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வந்தபோது, மீதி நிலம் யார் யார் பேருக்குப் போனது என்பது இங்கே வயதானவர்களுக்குத் தெரியும்.

குடும்பம் என்றதும் நம் பக்கத்து வீட்டை விட்டுவிட முடியாது. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். அவர் மனைவி ராதாபாய் 1938-ல் மத்திய மேல்சபைக்குப் போன முதல் பெண். மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட், கோவை எம்.பி. மகன் மோகன் குமாரமங்கலமும் கம்யூனிஸ்டாக இருந்து பிறகு காங்கிரசுக்கு வந்தவர், 1971-ல் புதுச்சேரி எம்.பி., இந்திரா காந்தி மந்திரிசபையில் உருக்குத் துறை. இன்னொரு மகன் தரைப்படைத் தளபதி. பேரன் ரங்கராஜன் குமாரமங்கலம் சேலத்தில் மூன்று முறை காங்கிரசில், திருச்சியில் இரண்டு முறை பா.ஜ.க.வில். ஒரே வீடு, மூன்று கட்சி. இதில் யாரும் அப்பா விட்டுப்போன தொகுதியில் அப்பா கட்சியின் சின்னத்தில் வந்து உட்காரவில்லை. அதனால் வாரிசு என்ற சொல்லைக் கேட்டதும் நான் கல்லெடுப்பதில்லை. அதே கட்சி, அதே தொகுதி, இவர்தான் கட்சி வேட்பாளர் என்று சான்று தரும் பி ஃபாரத்தில் அதே வீட்டுக் கையெழுத்து என்று வரும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்தக் கையெழுத்துதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

எம்.பி. சீட்டு எப்படிக் கிடைக்கிறது? விருப்ப மனுவுக்குப் பணம் கட்ட வேண்டும். தலைமை நிலையத்தில் நேர்காணல். ஒரு நாளில் எத்தனையோ தொகுதி, ஒவ்வொரு தொகுதிக்கும் எத்தனையோ பேர், ஆளுக்கு இரண்டு நிமிஷம். எவ்வளவு செலவழிப்பாய், உன் சாதிக்காரர் எத்தனை பேர், இரண்டே கேள்விதான் என்று போய்வந்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு ஒரு ராத்திரி பட்டியல் வரும். பி ஃபாரம் கைக்கு வரும்வரை வேட்பாளருக்கே நம்பிக்கை இருக்காது. ஜெயித்து டெல்லிக்குப் போன பிறகும் கதை மாறாது. 1985-ல் வந்த 52-வது திருத்தம், கட்சித்தாவல் தடைச் சட்டம். கொறடா உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். பதினைந்து நாளில் மூன்று முறை கட்சி மாறிய ஹரியானாக் கூத்துகளுக்குப் பிறகு அப்படி ஒரு சட்டம் தேவைதான். ஆனால் அரசாங்கத்தைக் கவிழ்க்கும் ஓட்டுக்கு மட்டுமில்லை, சாதாரண மசோதாவுக்கும் அதே கயிறு.

அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஒரே முதலாளி பட்டறையில் வருஷக்கணக்கில் ஓட்டுகிற தறிக்காரர் நிலைமையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூலி குறைவு என்று வாய் திறக்க முடியாது, அட்வான்ஸைத் திருப்பாமல் அடுத்த பட்டறைக்குப் போக முடியாது. நம் எம்.பி.க்கள் நிலைமை அதுதான். அவர்கள் வாங்கிய அட்வான்ஸ் சீட்டு.

இப்படிப்பட்டவருக்கு இரண்டு முறைதான் என்று சட்டம் போட்டால் என்ன ஆகும்? யோசித்துப் பார்க்க வேண்டாம், மெக்சிகோவில் செய்தே பார்த்துவிட்டார்கள். 1933-ல் அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த தேர்தலில் திரும்ப நிற்கக் கூடாது என்று விதி வந்தது. சர்வாதிகாரி தியாஸ் முப்பது வருஷத்துக்கு மேல் ஆண்ட கசப்பில் பிறந்த கோஷம் அது, நோக்கம் நல்லது. நடந்தது என்ன? மூன்று வருஷத்தில் பதவி முடிகிறவர், அடுத்து மேயரோ கவர்னரோ வாரியத் தலைவரோ ஆக யாரைப் பார்க்க வேண்டும்? தொகுதி மக்களை இல்லை, அவர்களிடம் திரும்ப ஓட்டுக் கேட்கவே போவதில்லை. கட்சித் தலைமையைத்தான். பி.ஆர்.ஐ. என்ற ஒரே கட்சி 2000 வரை ஜனாதிபதி நாற்காலியை விடவில்லை. அவையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கை தூக்குவது மட்டும் மாறவில்லை. 2014-ல் திருத்தி, கீழவைக்குத் தொடர்ந்து பன்னிரண்டு வருஷம் வரை இருக்கலாம் என்றார்கள். 2025-ல் அதையும் திருத்தி, 2030 முதல் பழையபடி தடை என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு கட்சி பலமாக இருக்கும் நேரம் பார்த்து அந்த விதி திரும்பி வந்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாறிக்கொண்டே இருப்பதில் நஷ்டம் என்ன என்று கேட்பீர்கள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் ஒரு ஃபைல் பார்த்தேன். நூல் விலையைப் பற்றிய மனு. பிளாஸ்டிக் கவருக்குள் மூன்று எம்.பி.க்களின் லெட்டர்பேடு. மூன்றிலும் அசோகச் சின்னம், ஜவுளி மந்திரிக்கு ஒரே மாதிரி ஒரு பக்கக் கடிதம், ஒவ்வொன்றோடும் பின் அடித்த இரண்டு வரிப் பதில். முதல் கடிதத்தின் மடிப்பு இற்றுப்போய் செல்லோடேப் ஒட்டியிருந்தது. மூன்று பேருமே எழுதத்தான் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது என்றார் அவர். கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் 1985-ல் வந்தது, 22 ரகம் இருந்து 11 ஆனது, துண்டில் எது கைத்தறிக்கு, லுங்கியில் எது நமக்கு என்பதை இந்த ஊரில் பத்தாம் வகுப்புப் பையன் சொல்வான். புதிதாக வந்த எம்.பி. அதைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் ஏறக்குறைய பாதித் தவணை முடிந்துவிடும்.

டெல்லியில் உண்மையான வேலை நடப்பது டி.வி.யில் தெரியும் கூச்சலில் இல்லை, நிலைக்குழுக்களில். 1993-ல் 17 குழுவாகத் தொடங்கி, 2004-ல் 24 ஆக்கினார்கள். ஒவ்வொன்றிலும் 31 பேர், 21 பேர் மக்களவை, 10 பேர் மாநிலங்களவை. ஜவுளி, தொழிலாளர் நலம் இரண்டும் ஒரே குழுவில் வருகின்றன. நம் ஊரின் பாதி வாழ்க்கை அந்த மேஜை மேல் இருக்கிறது. செயலாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, போன வருஷம் இப்படிச் சொன்னீர்களே என்று கேட்க முடியும். போன வருஷம் அந்த அறையில் இருந்தவரால்தான் அப்படிக் கேட்க முடியும். அந்தக் குழுவையும் வருஷா வருஷம் கலைத்து அமைக்கிறார்கள்.

இரா. செழியனை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 1962, 1967, 1971 மூன்று தேர்தலிலும் மக்களவைக்குப் போனவர். 1971-லிருந்து இரண்டு ஆண்டுகள் பொதுக்கணக்குக் குழுத் தலைவர். மத்திய அரசு செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயையும் தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு குடைந்து கேட்கும் நாற்காலி அது. இரண்டு முறைதான் என்று அன்றைக்குச் சட்டம் இருந்திருந்தால், அந்த நாற்காலிக்குப் பக்குவமான வயதில் அவர் வீட்டில் இருந்திருப்பார். திருச்சி சிவா 2015-ல் திருநங்கையர் உரிமைக்கான தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் நிறைவேற்றினாரே, தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையில் நிறைவேறி அப்போது பல பத்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டு அவையிலும் இருந்து விதிகளைக் கரைத்துக் குடித்தவரால் ஆகிற காரியம் அது.

கட்சிகள் தாங்களே வரம்பு வைத்துக்கொள்ளட்டுமே என்பார்கள். வைத்திருக்கிறார்கள். மார்க்சிஸ்ட் கட்சி 2017-ல் சீதாராம் யெச்சூரிக்கு மாநிலங்களவையில் மூன்றாம் முறை கிடையாது என்றது. காங்கிரஸ் ஆதரவு தரத் தயாராக இருந்தும் ஏற்கவில்லை. 2021-ல் கேரளத்தில் நிதி மந்திரி தாமஸ் ஐசக், பொதுப்பணி மந்திரி ஜி. சுதாகரன் இருவருக்கும் இரண்டு முறை ஆயிற்று என்று சீட்டு இல்லை. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் அவையில் நன்றாக வாதாடக்கூடிய ஒருவரை, அவருடைய சொந்தக் கட்சியே வீட்டுக்கு அனுப்பியதில் லாபம் யாருக்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதே கட்சியில் 75 வயது வரம்பு வந்தபோது கேரள முதல்வருக்கு விலக்கும் கிடைத்தது. வரம்பு வகுத்தவர் கையிலேயே விலக்கும் இருக்கும்.

சரி, யாருக்குத்தான் வரம்பு? கலைஞர் 1969 முதல் 2018 வரை தி.மு.க. தலைவர். ஜெயலலிதா 1989 முதல் 2016 வரை அ.தி.மு.க. பொதுச்செயலாளர். சோனியா காந்தி 1998 முதல் 2017 வரை காங்கிரஸ் தலைவர், பிறகு 2019-லிருந்து மறுபடி மூன்று ஆண்டு. அவர்கள் திறமையைப் பற்றி இங்கே பேச்சில்லை. அந்தக் காலத்தில் திருச்செங்கோட்டில் எத்தனை எம்.பி. வந்து போனார்கள் என்று சற்று முன் எண்ணினோம். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்ட கை மாறவில்லை. மாவட்டச் செயலாளர் பதவியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பேர் சிபாரிசு செய்வது அவர்தான், எம்.பி.யைவிட அவர் வீட்டு வாசலில்தான் கார் அதிகம் நிற்கும். பா.ஜ.க. விதியில் தலைவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை. மார்க்சிஸ்ட் கட்சியில் செயலாளர் எந்த மட்டத்திலும் மூன்று முறை. காகிதத்தில் எழுத முடியாத காரியமில்லை என்பதற்கு இவை சாட்சி. தலைவர் பதவியில் ஒருவர், அதிகாரம் இன்னொருவரிடம் என்று அதையும் ஏய்க்கலாம் என்பது வேறு விஷயம், அதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம்.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 2023-ல் 106-வது திருத்தம் நிறைவேறியது. ஒவ்வொரு மறுசீரமைப்புக்குப் பிறகும் ஒதுக்கீட்டுத் தொகுதிகள் மாறும் என்று அதில் இருக்கிறது. தொகுதி மாறினால் அங்கே இருப்பவர் விலக நேரும்; இந்தியாவில் எம்.பி.க்கு உச்சவரம்பு என்பதற்குப் பக்கத்தில் வருவது அதுதான். நம் பஞ்சாயத்துகளில் சுழற்சி வந்தபோது தலைவி நாற்காலியில், தலைவியின் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் என்று தொடங்கியது. இரண்டு தவணை ஒரே ஒதுக்கீடு நிற்பதால், இரண்டாவது தவணைக்குள் பல ஊரில் பக்கத்து நாற்காலி காலியானது. பத்து வருஷம் கிடைத்ததால்தான் அது நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

நான் கேட்பது இரண்டே திருத்தம். கட்சிகள் பதிவாவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில், 1989-ல் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யும்போது கட்சியின் விதிகளைக் கொடுக்க வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று சட்டம் அதிகம் சொல்லவில்லை. கொடுத்த விதியைக் கட்சி மீறினாலும் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. சீட்டு முடிவு செய்யும் பதவி எதிலும் ஒருவர் தொடர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அவர் இறங்கியதும் அதே பதவிக்கு அவர் குடும்பத்தார் ஒரு தவணைக்கு வரக் கூடாது என்று அங்கே ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். கொறடா உத்தரவை நம்பிக்கை ஓட்டுக்கும் பண மசோதாவுக்கும் மட்டும் நிறுத்த வேண்டும். எம்.பி. எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கட்டும், அதை நாம் பார்த்துக்கொள்வோம். அறுபது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த இரண்டையும் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரலாம். அதற்கென்று வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மசோதா கொடுப்பதற்குக் கட்சித் தலைமையின் கையெழுத்து தேவையில்லை. கொடுத்தவருக்கு அடுத்த தடவை சீட்டு கிடைக்காது, அவ்வளவுதான். நம் தொகுதியில் அறுபது வருஷமாக யாரும் அடுத்த தேர்தலிலேயே திரும்ப ஜெயித்ததில்லையே, அதனால் இங்கிருந்து போகிறவர் துணிந்து கொடுக்கலாம்.